குதிரையின் கழுத்தை இளக்கிப் பழக்கும் முறை

பேசின் பிரிட்ஜ், இராயபுரம், திருவொற்றியூர் முதலிய பகுதிகளில் ஒரு காலத்தில் ஜட்கா வண்டிகள் மிகுதியாக ஓடின. ஆஸ்திரேலியாவினின்று ‘வேலர்’ என்னும் குதிரைகள் கப்பல்வழியே சென்னைக்கு வந்தன. ஜட்கா இப்பொழுது மறைந்துவிட்டது. ஆயினும் மெரினாக் கடற்கரையில் சவாரிக் குதிரைகளும், காவல் துறையின் குதிரைப் படையும் இன்றும் உள்ளன. கடன் பெற்றுக் குதிரை வாங்கிய அங்கத்தினருக்கு அக்குதிரையே முதலாகும். கழுத்து இறுகி வாய் மரத்த குதிரை திருப்பிய வழி திரும்பாது. சவாரி செய்வோருக்கு அபாயம் விளைக்கும். விற்கப்போனால் விலை போகாது. கடன் மட்டும் நிற்கும்.

முதலில் ஆராய வேண்டுவது

குதிரை இணங்காமைக்குப் பிடிவாதமே காரணமென்று எண்ணுதல் தவறு. குதிரையின் மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகன்றது. ஆதலால் மேற்கடைவாய்ப் பற்களின் வெளிவிளிம்பும் கீழ்ப்பற்களின் உள்விளிம்பும் தேயாமல் கூர்மையாகிக் கன்னத்தையும் நாவையும் புண்படுத்தும். மிருக வைத்தியரைக் கொண்டு அவற்றை அரத்தால் ராவிய பின்னரே பழக்கத் தொடங்குதல் வேண்டும். வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி பேசின் பிரிட்ஜுக்கு அண்மையிலேயே உள்ளது.

கழுத்தின் அமைப்பு

மனிதருக்குப் போலவே குதிரைக்கும் கழுத்தில் 7 எலும்புகள் உண்டு. மண்டையும் முதல் எலும்பும் கூடுமிடத்தில் தலை மேலுங்கீழும் அசையும்; முதலிரண்டு எலும்புகளுக்கிடையில் தலை சுழலும்; ஏனையவை பக்கங்களில் வளையும்.

பழக்கும் முறை

1. குதிரையை நிறுத்தி, ஒரு பக்கத்து வாரை மெல்ல இறுக்கிக் காத்திருக்க வேண்டும். தாடை தளர்ந்து முகம் சிறிது திரும்பியவுடன் வாரைத் தளர்த்த வேண்டும். அத்தளர்வே குதிரைக்குப் பரிசு. இழுத்தபடியே இருந்தால் அது ஒன்றும் கற்காது.

2. உட்புறக் கண்ணின் ஓரம் சவாரிக்காரருக்குத் தெரியுமளவு வளைந்தால் போதும். காதுகள் இரண்டும் ஒரே மட்டத்தில் இருத்தல் வேண்டும்.

3. பின்னர் சுமார் 20 மீட்டர் குறுக்களவுள்ள வட்டத்தில் நடை பழக்குக. உட்புறக் கால் குதிரையை வளைக்க, வெளிப்புற வார் கழுத்து மிகையாய் வளையாதபடி தடுக்கட்டும். கழுத்து வளைந்து தோள் வேறு திசையிற் செல்லுதல் பொய்யான இளக்கமாகும்.

4. குதிரைக்கு ஒரு பக்கம் எளிது, மறுபக்கம் கடினம். எளிய பக்கத்தில் தொடங்கிக் கடினப் பக்கத்தில் சற்று அதிகம் பழக்குக.

5. ஒவ்வொரு பாடத்திற்குப் பின்னும் வாரை நீளவிட்டுக் கழுத்தைத் தாழ்த்தி நீட்ட அனுமதிக்க வேண்டும். நாள்தோறும் பத்து நிமிஷப் பயிற்சி போதுமானது.

எச்சரிக்கை

தலையைக் கயிற்றால் மார்போடு இழுத்துக் கட்டிவைக்கலாகாது. தசை நோகும்; மூச்சுவழி நெருக்குண்ணும். வாயைப் பிடித்திழுக்காமல் விட்டால் குதிரை தானே கழுத்தை உயர்த்தி வளைக்குமென்று, 2,300 ஆண்டுகளுக்கு முன்னரே கிரேக்கராகிய செனபோன் எழுதினார். முள் வைத்த கடிவாளத்தை இந்தியாவில் 1965-ஆம் வருஷத்து விதிகள் தடுக்கின்றன. அது சட்டத்திற்கு மட்டுமன்று, பிழைப்புக்கும் விரோதமானது. புண்பட்ட வாய் நாளடைவில் மரத்துப்போகும். மரத்த வாய்க்கு இன்னும் கொடிய இரும்பு வேண்டியதாகும்.

ஆகவே, இருமாதம் பொறுமையாய்ப் பழக்குபவர் பல வருஷ உழைப்பைப் பெறுவர். ஒரே நாளில் அடக்க முயல்பவர் குதிரையையும் முதலையும் ஒருங்கே இழப்பர்.