பெரிய டயரும் ஆக்ஸில் பல்விகிதமும்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் தானியம், தீவனம், உரம் முதலியவற்றை ஏற்றிச் செல்லவும், கால்நடைகளை இழுவண்டியில் கொண்டுபோகவும் பிக்கப் என்னும் சிறு லாரி விவசாயிகளுக்கு இன்றியமையாத சாதனமாயிருந்து வருகிறது. கரடுமுரடான பாதையில் அடிப்பாகம் தரையில் இடியாமலிருக்கும் பொருட்டு, அதற்கு உயரமான டயர்களைப் பூட்டுவோர் பலர். அதன் பின்னர், பாரத்துடன் மேட்டில் ஏறுங்கால் வண்டி திணறுவதையும், கிளச்சு விரைவில் தேய்வதையும் கண்டு, என்ஜின் பழுதாயிற்றென்று எண்ணுவதுண்டு. குறை என்ஜினில் இல்லை. டயருக்கும் ஆக்ஸில் பல்விகிதத்திற்கும் பொருத்தமின்மையே காரணமாகும்.

பல்விகிதம் யாது?

என்ஜினின் சுழற்சி கியர் பெட்டியைக் கடந்து, நீண்ட ஷாப்டின் வழியாகப் பின் ஆக்ஸிலை அடைகிறது. அங்கே பினியன் என்னும் சிறு பற்சக்கரம், கிரௌன் என்னும் பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. கிரௌனில் 41 பற்களும் பினியனில் 11 பற்களும் இருப்பின் விகிதம் 3.73, பினியனில் 10 பற்களே இருப்பின் 4.10. எண் பெரிதாகுந்தோறும் இழுக்கும் வலிமை கூடும். அதே என்ஜின் சுழற்சிக்கு வண்டியின் வேகம் குறையும். யுத்தகாலத்து வில்லீஸ் ஜீப்பில் இவ்விகிதம் 4.88 ஆக இருந்தது. 1945-ல் விவசாயத்திற்கும் உதவுமாறு வெளிவந்த சி.ஜே.-2ஏ ஜீப்பில் அது 5.38 ஆக உயர்த்தப்பட்டது. வயல்வேலைக்கு வேகத்தினும் இழுவையே வேண்டுமன்றோ?

கணக்கிடும் முறை

பழைய விகிதத்தைப் புதிய டயரின் உயரத்தால் பெருக்கிப் பழைய டயரின் உயரத்தால் வகுக்க, வேண்டிய விகிதம் கிடைக்கும். 3.73 விகிதமும் 30 அங்குல டயரும் உள்ள வண்டிக்கு 33 அங்குல டயர் பூட்டுவதாகக் கொள்வோம். நேர் கியரில் மணிக்கு 60 மைல் செல்லும்போது முன்பு நிமிஷத்திற்குச் சுமார் 2,500 முறை சுழன்ற என்ஜின், இப்போது சுமார் 2,280 முறையே சுழலும். இழுவிசையில் 11-ல் ஒரு பங்கு குறையும். 3.73-ஐ 33-ஆல் பெருக்கி 30-ஆல் வகுக்க 4.10 வரும். அவ்விகிதமுள்ள கிரௌன், பினியன் ஜோடியை அமைத்தால் பழைய இழுவை திரும்பும். 30-லிருந்து 31 அங்குலம் போன்ற சிறு மாறுதலுக்கு வித்தியாசம் நூற்றுக்கு மூன்றளவே. அதன்பொருட்டுப் பற்சக்கரத்தை மாற்ற வேண்டுவதில்லை.

டயரின் மீது அச்சிட்ட அளவை மட்டும் நம்பலாகாது. வழக்கமான பாரத்தையும் சரியான காற்றழுத்தத்தையும் வைத்து, டயரிலும் தரையிலும் சுண்ணக்கோடிட்டு, சக்கரம் ஒரு முழுச் சுற்று உருண்ட தூரத்தை அளக்க வேண்டும். பழைய டயரையும் புதிய டயரையும் இவ்வாறு அளந்து, அவ்விரு தூரங்களையே கணக்கில் கொள்வது உத்தமம்.

கவனிக்க வேண்டியவை

1. நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டியில் முன், பின் ஆக்ஸில்கள் இரண்டிலும் விகிதம் ஒன்றாயிருத்தல் வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால், நான்கு சக்கர இழுவையில் பற்சக்கரங்கள் ஒன்றையொன்று எதிர்த்து முறியக்கூடும்.

2. பழைய விகிதத்திலேயே ஓட்டினால் வேகமானி பொய் கூறும். மேற்கண்ட உதாரணத்தில் அது 60 காட்டும்போது வண்டி 66 மைல் வேகத்தில் செல்லும். சக்கரத்திலுள்ள உணர்கருவியைக் கொண்டு வேகம் காட்டும் வண்டிகளில், விகிதத்தை மாற்றிய பின்னும் இப்பிழை நீங்காது; மானியைத் தனியே திருத்த வேண்டும்.

3. பிரேக்கின் பலம் பல்விகிதத்தால் திரும்புவதில்லை. உயர்ந்த டயரில் அதே பிரேக் தரையில் தரும் தடுப்பு 11-ல் ஒரு பங்கு குறைவு. பாரத்துடன் சரிவில் இறங்குவோருக்கு இது உயிர் சம்பந்தமான விஷயமாகும்.

4. டயர் பெரிதானதால் ஆக்ஸிலும் ஸ்பிரிங்கும் தாங்கும் பாரம் கூடிவிடாது. தயாரிப்பாளர் குறித்த அளவுக்கு மேல் ஏற்றலாகாது.

ஆகவே டயர் வாங்குமுன் இக்கணக்கைப் போட்டுப் பார்த்து, பற்சக்கரம் மாற்றும் செலவையும் சேர்த்து யோசிப்பதே விவேகம். அச்செலவுக்கு இயலாதவர் வண்டியுடன் வந்த அளவு டயரையே வைத்துக்கொள்வது நலம்.