கலுங்கும் கடல் மேடையும்

மதுரையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், மேலூருக்கு வடக்கே அமைந்துள்ள ஊர் கொட்டாம்பட்டி. வானம் பார்த்த நிலங்கள் மிகுந்த பகுதி அது. மழைநீரைக் கண்மாய்களில் தேக்கிப் பயிர் செய்வது அங்கு நெடுங்கால வழக்கம். ஆதலின், கண்மாயைப் பேணுதல் அப்பகுதி மக்களுக்குத் தம் வாழ்வைப் பேணுதலே ஆகும்.

கண்மாய்க்கு உறுப்புகள் பல உண்டு. மழைநீரைக் கொண்டுவந்து சேர்ப்பது வரத்துக்கால். நீரைத் தாங்கி நிற்பது கரை. வயலுக்கு நீர் விடுவது மடை. கொள்ளளவிற்கு மேற்பட்ட நீரை வெளியேற்றுவது கலுங்கு. இவற்றுள் மடையின் மீதே உழவர் கண் எப்போதும் இருக்கும். பயிர்க்காலம் முழுவதும் அது பயன்படுகின்றது அன்றோ? கலுங்கோ, மழை குறைந்த ஆண்டுகளில் வறண்டு கிடக்கும். அதன்மேல் முட்செடி முளைக்கும். அதன் முன்னே மண் மேடிடும். "நீர் வழியாத கலுங்கிற்குச் செலவு எதற்கு?" என்று சிலர் எண்ணக்கூடும்.

ஆனால், ஓர் இரவில் பெருமழை கொட்டிக் கண்மாய் நிறைந்துவிட்டால் என்ன ஆகும்? கலுங்கு அடைபட்டிருந்தால் நீர் வெளியேற வழியின்றிக் கரைமேல் ஏறும். மண்கரையின் மேல் நீர் வழியத் தொடங்கினால், மண் சிறிது சிறிதாக அரிக்கப்பட்டுக் கரை உடையும். பிறகு கீழுள்ள வயலுக்கும் வீட்டிற்கும் காப்பு இல்லை. மடை பழுதானால் சில வயல்கள் வாடும். கலுங்கு அடைபட்டால் ஊரே பாழாகும்.

இதனை அறிந்தே முன்னோர் மழைக்காலத்திற்கு முன்னர்க் கண்மாயின் உறுப்புகளைச் செப்பனிட்டனர். ஊரார் கூடிச் செய்த அப்பணிக்குக் குடிமராமத்து என்பது பெயர். சென்னை மாகாணத்தில் 1858-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, வெள்ளக் கேட்டைத் தடுப்பதற்கு ஊரார் உழைப்பைக் கட்டாயமாகப் பெறவும் இடம் தந்தது. கரை உடைந்தபின் வருந்துவதினும், உடையாமற் காப்பதே அறிவுடைமை என்பது இதன் கருத்து.

ஒரு பொருளின் முதன்மை, அதன் உருவத்தையோ விலையையோ, அது பயன்படும் நாள்களின் தொகையையோ பொறுத்தது அன்று. அது கெட்டால் விளையும் தீங்கைப் பொறுத்ததாகும். கொட்டாம்பட்டிக் கண்மாய் கற்பிக்கும் இப்பாடமே, நடுக்கடலில் எண்ணெய் எடுப்போரின் தொழில் நெறியாகவும் விளங்குகின்றது.

மும்பைக்கு மேற்கே, ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவில், அரபிக்கடலின் அடியில் எண்ணெய் வளம் உள்ளது. 'சாகர் சாம்ராட்' என்னும் துளையிடும் கலம் 1974-ஆம் ஆண்டில் அதனைக் கண்டறிந்தது. 1976-இல் எண்ணெய் எடுக்கும் பணி தொடங்கிற்று. 'மும்பை ஹை' எனப்படும் அவ்விடத்தில், கடலடியில் ஊன்றிய எஃகுக் கால்களின் மேல் பெரிய மேடைகள் நிற்கின்றன. அவற்றின் மீது பம்புகளும், வாயுவை அழுத்தும் பொறிகளும், மின்னாக்கிகளும், எண்ணற்ற குழாய்களும் வால்வுகளும் செறிந்துள்ளன. பணியாளர் உண்பதும் உறங்குவதும் அங்கேயே. அவர் காலடியில் கடல். அவரைச் சுற்றிலும் தீப்பற்றும் எண்ணெயும் வாயுவும்.

அத்தகைய இடத்தில் பொறிகளைப் பேணுதல் எளிதன்று. உப்புக்காற்று இரும்பை ஓயாது அரிக்கின்றது. ஓர் உதிரி உறுப்பு வேண்டுமாயின் கப்பலிலோ ஹெலிகாப்டரிலோ வரவேண்டும். புயற்காலத்தில் அதுவும் இயலாது. ஆட்களும் அளவுடையர், காலமும் அளவுடையது. எல்லாப் பொறிகளையும் ஒரே அளவாகக் கவனிக்க முற்பட்டால், மிக இன்றியமையாதது ஒன்று கவனிப்பாரற்றுப் போகும். எனவே பொறியாளர் முதலில் பொறிகளைத் தரம் பிரிக்கின்றனர்.

ஒவ்வொரு பொறியையும் நோக்கி அவர் சில வினாக்களை எழுப்புவர். இது கெட்டால் உயிர்க்கு ஊறு நேருமா? கடல் மாசுபடுமா? எண்ணெய் எடுப்பது நின்றுபோகுமா? இதன் வேலையைச் செய்ய மாற்றுப் பொறி உண்டா? இது கெடுவதற்குரிய வாய்ப்பு எவ்வளவு? இவ்வினாக்களுக்குரிய விடைகளைக் கொண்டே பொறிகளின் வரிசை அமைகின்றது. படுக்கையறை விளக்கு ஒன்று கெட்டால், கெட்டபின் மாற்றிக்கொள்ளலாம். இரண்டு தண்ணீர்ப் பம்புகளுள் ஒன்று நின்றால் மற்றொன்று ஓடும்; சில நாள் பொறுக்கலாம். மாற்று இல்லாத பெரிய வாயுப்பொறியின் அதிர்வையும் வெப்பத்தையும் இடையறாது அளந்து, நோய் முற்றுமுன்னரே மருந்து செய்தல் வேண்டும். அதற்குரிய உதிரி உறுப்புகளையும் முன்னரே வாங்கி வைத்தல் வேண்டும்.

இவ்வரிசையின் தலைப்பில் நிற்பன, பெரும்பாலும் ஓசையின்றிக் கிடக்கும் கருவிகளே. தீயணைக்கும் பம்பு, அழுத்தம் மிகும்போது திறந்துகொள்ளும் காப்பு வால்வு, இடர் நேர்ந்தவுடன் குழாயை மூடும் அடைப்பு வால்வு, வாயுக் கசிவை உணர்த்தும் கருவி ஆகியன அவை. இவை கண்மாயின் கலுங்கை ஒத்தவை. ஓடும் பொறி கெட்டால் தானே நின்று தன் குறையைக் கூறிவிடும். ஓடாமல் கிடக்கும் பொறி கெட்டிருப்பதை யார் அறிவார்? குறித்த காலத்தில் இயக்கிச் சோதித்தாலன்றி அதனை அறிய வேறு வழியில்லை.

இந்நெறியில் தவறினால் விளைவது யாது என்பதற்கு, வடகடலில் ஸ்காட்லாந்துக்கு அப்பால் நின்ற 'பைப்பர் ஆல்ஃபா' என்னும் மேடை சான்றாகும். 1988-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் நாள், அங்கிருந்த இரண்டு பம்புகளுள் ஒன்று பராமரிப்பிற்காக நிறுத்தப்பட்டிருந்தது. அதன் காப்பு வால்வு கழற்றப்பட்டு, குழாய்வாய் ஒரு தகட்டால் தற்காலிகமாக மூடப்பட்டிருந்தது. இரவில் மற்றப் பம்பு நின்றுவிட்டது. இரவுப் பணியாளர்க்கு வால்வு கழற்றப்பட்ட செய்தி எட்டவில்லை. அவர்கள் நிறுத்தி வைத்திருந்த பம்பை இயக்கினர். தகட்டின் வழியே வாயு கசிந்து வெடித்தது. தீயணைக்கும் பம்புகளோ தாமே இயங்காதபடி, கையால் இயக்கும் நிலையில் மாற்றி வைக்கப்பட்டிருந்தன. கடலில் மூழ்கிப் பணிசெய்வோரை நீருடன் உறிஞ்சிவிடலாகாது என்பதே அதன் காரணம். தீ மூண்டபின் ஒருவராலும் அவற்றை இயக்க இயலவில்லை. 167 பேர் மாண்டனர். ஒருவர்மேல் ஒருவர் கொண்ட அருள் குறைந்ததால் இக்கேடு வரவில்லை. ஒரு முறை மாற்றத்தில் ஒரு செய்தி கைமாறாததால் வந்தது.

நம் நாட்டிலும் ஒரு துயரம் நேர்ந்தது. 2005-ஆம் ஆண்டு ஜூலை 27-ஆம் நாள், மும்பை ஹை வடபகுதி மேடையை ஒரு துணைக்கப்பல் அணுகிற்று. காயமுற்ற பணியாளர் ஒருவரை மேடைக்கு மாற்றுவதே அதன் நோக்கம். கடல் கொந்தளித்துக் கொண்டிருந்தது. கப்பல் தடுமாறி, கடலடியிலிருந்து மேலேறும் நிலைக்குழாயில் மோதிற்று. வாயு கசிந்து தீப்பற்றியது. சில மணி நேரத்தில் மேடை அழிந்தது. 362 பேர் காப்பாற்றப்பட்டனர்; 22 பேர் உயிரிழந்தனர். நிலைக்குழாய் சுழல்வதில்லை, ஒலிப்பதில்லை, நாள்தோறும் எண்ணெய் இடவேண்டிய தேவையும் அதற்கில்லை. ஆயினும் அது முறிந்தபோது மேடையே அழிந்தது. அத்தகைய குழாய்க்குத் தக்க அரண் அமைத்தலும், எக்கப்பல் எந்நிலையில் எவ்வளவு நெருங்கலாம் என வரையறுத்தலும் பராமரிப்பின் பகுதிகளே ஆகும்.

பராமரிப்பு என்பது பழுது பார்ப்பது மட்டும் அன்று. எது கெட்டால் எது அழியும் என முன்னரே எண்ணுதலும், எண்ணியதை எழுதி வைத்தலும், எழுதியதை அடுத்த முறைக்கு வருவோரிடம் தவறாது ஒப்படைத்தலும் அதனுள் அடங்கும். வானம் வெளுத்திருக்கும் நாளிலேயே கலுங்கின் முன் கிடக்கும் மண்ணை அகற்றும் கொட்டாம்பட்டி உழவரும், தீயில்லாத நாளில் தீப்பம்பை இயக்கிப் பார்க்கும் கடல் மேடைத் தொழிலாளரும் செய்வது ஒரே பணியாகும். அப்பணி நன்கு நடந்த ஆண்டில் கரை உடையாது, தீ மூளாது. எதுவும் நேராமையே அவர்தம் உழைப்பின் பயன்.

வினாக்கள்

1. மடை, கலுங்கு ஆகியவற்றின் பயன்கள் யாவை? அவற்றுள் கலுங்கைப் பேணுதல் இன்றியமையாதது ஏன்?
2. கடல் மேடையில் பொறிகளைத் தரம் பிரிக்கப் பொறியாளர் எழுப்பும் வினாக்களைக் கூறுக.
3. ஓடாமல் கிடக்கும் கருவிகளைக் குறித்த காலத்தில் சோதிப்பது ஏன்?
4. பைப்பர் ஆல்ஃபா மேடையில் இடர் நேர்ந்த வகையை விளக்குக.
5. உங்கள் பள்ளியில் எப்போதாவது மட்டும் பயன்படும், ஆனால் கெடலாகாத பொருள்கள் எவை? அவற்றைக் காக்கும் முறை குறித்து ஒரு பத்தி எழுதுக.