டியூப் விற்பதும் ஓர் அமானிதம்



2022ஆம் ஆண்டு எரிபொருளுக்கு வரிசையில் நின்ற நாட்களில், நாடெங்கும் மூலையில் கிடந்த சைக்கிள்கள் மீண்டும் வீதிக்கு வந்தன. கரியரில் மீன் பெட்டி கட்டி விடியற்காலையில் புறப்படும் திருமலை வியாபாரிக்கோ அதுதான் எப்போதும் கடை. உட்துறைமுக வீதியில் அவருடைய பின் சக்கரத்தில் காற்றுப் போனால், நட்டம் டியூப்பின் விலை மட்டுமல்ல. ஐஸ் உருகும், மீன் பழுதாகும், அன்றைய உழைப்பும் போகும். ஆகவே இவ்வாரம் டியூப் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் சில விடயங்கள்.

1. அளவு: "26 டியூப் ஒன்று தாருங்கள்" என்றால் உடனே எடுத்து நீட்டக்கூடாது. 26 x 1⅜ டயர் ரிம்மில் அமரும் விட்டம் 590 மி.மீ. 26 x 1.75 டயருக்கு அது 559 மி.மீ. டயரின் பக்கவாட்டில் 37-590, 47-559 என்பது போல் இது பொறிக்கப்பட்டிருக்கும். அகன்ற டயருக்குள் ஒடுங்கிய டியூப் போட்டால் அது இழுபட்டு மெலியும். பெரிய டியூப்பைத் திணித்தால் மடிந்து, அந்த மடிப்பிலேயே தேயும்.

2. இறப்பர்: இலங்கையில் இறப்பர் கன்று 1876இல் ஹெனரத்கொடை தோட்டத்தில் நடப்பட்டது. நமது மண்ணின் பொருள்தான். ஆனாலும் காற்றைப் பிடித்து வைப்பதில், 1937இல் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்ட பியூட்டைல் என்ற செயற்கை இறப்பர் அதைவிடப் பல மடங்கு சிறந்தது. நாளாந்தம் ஓடுபவருக்குப் பியூட்டைல் டியூப்பையே சிபாரிசு செய்யுங்கள்.

3. வால்வ்: பழைய சைக்கிள் வால்வில் சிறிய இறப்பர் குழாய் ஒன்று உண்டு. டியூப்பில் ஓட்டை இல்லாமலே காற்று இறங்கினால் முதலில் அதை மாற்றிப் பாருங்கள். சில ரூபாவோடு முடியும் வேலைக்குப் புது டியூப் விற்பது நியாயமல்ல.

4. ஓட்டை சொல்லும் செய்தி: டியூப்பைத் தண்ணீரில் அமிழ்த்தி, குமிழி வரும் இடத்தைக் கவனியுங்கள். டயர்ப் பக்கம் ஓட்டை என்றால் முள், கண்ணாடி அல்லது கம்பித்துண்டு. அது இன்னும் டயரில் குத்தியபடி இருக்கலாம், தடவிப் பார்த்து எடுக்காவிட்டால் புது டியூப்பும் போகும். ரிம் பக்கம் ஓட்டை என்றால் கம்பி முனை நீண்டிருக்கும், அல்லது ரிம் நாடா கிழிந்திருக்கும். கடற்காற்றில் ரிம் துருப்பிடிக்கும் நமது பகுதியில் இதை மறக்கவே கூடாது. அருகருகே இரண்டு ஓட்டைகள் இருந்தால், காற்றுக் குறைவாகப் பாரம் ஏற்றி, பள்ளத்தில் டியூப் ரிம்மோடு நசுங்கியிருக்கிறது.

5. தடுப்பு: டயரில் குறித்துள்ள அளவுக்குக் காற்று அடியுங்கள். பாரத்தில் பெரும்பகுதி பின் சக்கரத்தில்தான், அதை அடிக்கடி அழுத்திப் பாருங்கள். நூல் தெரியும் டயருக்குள் எந்த டியூப்பும் நிலைக்காது. ஒட்டும்போது நன்றாகத் தேய்த்து, சொலுஷன் காயும் வரை பொறுத்து ஒட்டுங்கள். ஸ்குரூ டிரைவரால் டயரை நெம்பாதீர்கள். பூட்டுமுன் டியூப்பில் சிறிது காற்று ஏற்றினால் மடியாது.

இனி நமக்கான பாடம். வெயில் படும் கண்ணாடி அலுமாரியில் நெடுநாள் கிடந்த டியூப், பெட்டிக்குள் மடிப்பிலே வெடித்திருக்கும். வெளியே பெட்டி புதிதாகவே தெரியும். சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் இருந்த ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று அந்த வியாபாரியைக் கண்டித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. அந்த ஈரமும் இந்த வெடிப்பும் ஒன்றே. டியூப்பை வெளியே எடுத்து, விரித்து, காற்றடித்துக் காட்டிக் கொடுங்கள். பழுதானதை ஒதுக்கிவிடுங்கள்.

ஒரு டியூப்பில் கிடைக்கும் இலாபம் சொற்பம். அது நீண்ட நாள் உழைத்தால், டயருக்கும் செயினுக்கும் அதே மனிதர் நம்மிடமே வருவார். அந்த பரக்கத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக.