அலையேறச் செல்வோர்

கடற்கரையில் நின்று அலைகளைக் காண்பது ஓர் இன்பம். அவ்வலைகளின்மீது ஏறிக் கரைநோக்கி விரைந்து வருவது மற்றோர் இன்பம். பின்னதனை அலைச்சறுக்கு என்பர். அது வீர விளையாட்டே; ஆயினும் அதற்கு வீரம் மட்டும் போதாது. எந்தக் கடலுக்கு, எந்தத் திங்களில், எத்தகைய பயிற்சியோடு செல்வது என்பதை முன்னரே ஆராய்ந்து துணியும் அறிவும் வேண்டும். அவ்வறிவு எத்தகையது? இவ்விளையாட்டின் தாயகமெனப் போற்றப்படும் ஹவாய்த் தீவுகளுக்குச் செல்ல ஒருவர் திட்டமிடுவதாகக் கொண்டு, அதனைக் காண்போம்.

பசிபிக் பெருங்கடலின் நடுவே, எரிமலைகளால் தோன்றியவை ஹவாய்த் தீவுகள். 1959-ஆம் ஆண்டில் அவை அமெரிக்க ஐக்கிய நாடுகளின் 50-ஆவது மாநிலம் ஆயின. அத்தீவினரின் மொழியில் இவ்விளையாட்டிற்கு ‘ஹெஎ நலு’ என்பது பெயர். ‘நலு’ என்றால் அலை. ‘ஹெஎ’ என்றால் வழுக்கிச் செல்லுதல். அரசரும் குடிகளும், ஆடவரும் பெண்டிரும் மரப்பலகைகளின்மேல் அலையேறி மகிழ்ந்தனர். கப்பல் தலைவர் குக்குடன் சென்ற ஜேம்ஸ் கிங் என்னும் அதிகாரி, 1779-இல் அக்காட்சியைக் கண்டு வியந்து எழுதிவைத்தார். பிற நாட்டார் வரவால் பரவிய நோய்கள் மக்கள் தொகையைக் குறைத்தன, பழைய வாழ்க்கை முறையும் மாறியது, விளையாட்டும் அருகியது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது மீண்டும் தழைத்தது.

அங்ஙனம் தழைக்கச் செய்தவருள் தலைசிறந்தவர் டியூக் கஹனமோகு. 1912-இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் போட்டியில் 100 மீட்டர் நீச்சலில் தங்கப்பதக்கம் வென்ற அவர், அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் அலைச்சறுக்கைச் செய்துகாட்டினார். 1925-இல் கலிபோர்னியாக் கரையில் படகொன்று கவிழ்ந்தது. அவர் தம் பலகையுடன் மீண்டும் மீண்டும் அலைகளுக்குள் சென்று 8 பேரை மீட்டார். விளையாட்டுக் கருவி உயிர்காக்கும் கருவியும் ஆயிற்று.

இனி, பயணத்திற்கு வருவோம். நாம் செல்லும் தீவு ஓவாஹு எனக் கொள்வோம். ஹொனலூலு நகரம் இருப்பதும் அத்தீவிலேயே. அங்கே எப்பொழுது செல்வது? இவ்வினாவிற்கு விடை காண, அலை பிறக்கும் வகையை அறிதல் வேண்டும்.

அலையை எழுப்புவது காற்று. கரைக்கு நெடுந்தொலைவில் புயல் வீசும்பொழுது, காற்றின் ஆற்றல் நீரில் சேர்கிறது. அவ்வாற்றலே பல நூறு கல் கடந்து வருகிறது. நீர் அவ்வளவு தொலைவு வருவதில்லை. கரையை நெருங்குங்கால் கடலின் ஆழம் குறைகிறது. அதனால் அலையின் வேகம் தடைப்படுகிறது, அலை உயர்கிறது, அதன் முகடு முன்னே சாய்ந்து உடைகிறது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை வட பசிபிக்கில் கடும்புயல்கள் தோன்றும். ஆகவே அத்திங்கள்களில் ஓவாஹுவின் வடகரையில் பேரலைகள் எழும். மே முதல் செப்டம்பர் வரை தென்கோளத்தில் குளிர்காலம். அங்குத் தோன்றும் புயல்களின் அலைகள் தென்கரையை அடையும். நெடுந்தொலைவு வருதலால் அவை பெரும்பாலும் வடகரை அலைகளைப்போல் அத்துணைப் பெரியன அல்ல.

இவ்வுண்மையை அறியாத ஒருவர், ‘டிசம்பரில் விடுமுறை கிடைத்தது, புகழ்பெற்ற வடகரைக்கே செல்வேன்’ என்று புறப்பட்டால் என்ன ஆகும்? தேர்ந்தவரும் அஞ்சும் வைமியா வளைகுடாவின் அலைகள் அவரை எதிர்கொள்ளும். அறிந்தவரோ, தாம் பழகும் நிலையில் உள்ளவராயின், டிசம்பரிலும் தென்கரையிலுள்ள வைக்கீக்கியையே நாடுவார். அங்கே அலைகள் பெரும்பாலும் மென்மையானவை, மெல்லச் சரிந்து நெடுந்தூரம் வருபவை, பயிற்சியளிப்போரும் உண்டு.

ஊர்வழக்கை அறிவதும் திட்டத்தின் ஒரு பகுதியே. ஹவாயில் பலர் அலையின் உயரத்தை அதன் பின்புறத்தைக் கொண்டு மதிப்பிடுவர். அவர்கள் 5 அடி என்று கூறும் அலையின் முகப்பு ஏறத்தாழ 10 அடி இருக்கக்கூடும். இதனை அறியாது இறங்குபவர் இடர்ப்படுவார்.

அலையின் கீழே இருப்பது யாது என்பதையும் கேட்டறிதல் வேண்டும். அங்குப் பல இடங்களில் மணல் இல்லை. பவளப்பாறையும் எரிமலைப் பாறையுமே உள்ளன. பைப்லைன் என்னுமிடத்தில் ஆழமில்லாப் பாறையின்மேல் அலை குழல்போல் சுருண்டு உடைகிறது. விழுபவர் பாறையில் மோதுவர். கரையிலிருந்து கடலுக்குள் இழுத்துச் செல்லும் நீரோட்டமும் உண்டு. அதில் அகப்பட்டவர் கரைநோக்கி அதனை எதிர்த்து நீந்திக் களைத்தல் ஆகாது. பலகையை விடாது பற்றி, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் சென்று, ஓட்டத்தினின்று விலகிய பின்னரே கரைக்குத் திரும்புதல் வேண்டும்.

கொண்டு செல்லும் பொருள்களிலும் கருத்து வேண்டும். பழகுவோர்க்கு நீண்டு அகன்ற பலகையே ஏற்றது. அதனை அங்கேயே வாடகைக்குப் பெறலாம். பலகையைக் காலோடு பிணைக்கும் கயிறு இன்றியமையாதது. வெயில் காக்கும் களிம்புகளுள் சில, பவளத்திற்குக் கேடு செய்வன எனக் கருதி, ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் என்னும் பொருள்கள் கலந்த களிம்புகளை விற்பதை ஹவாய் மாநிலம் 2021 முதல் தடைசெய்தது. விருந்தினராகச் செல்வோர் அத்தீவின் கடலைக் காத்தலும் கடமை அன்றோ? அவ்வாறே, உடையும் முகட்டிற்கு மிக அருகில் இருப்பவர்க்கே அலை உரியது என்னும் முறையையும் போற்றுதல் வேண்டும். பிறர் அலையில் குறுக்கே புகுவது பண்பும் அன்று; பாதுகாப்பும் அன்று.

வைமியாவில் எட்டி ஐக்காவு என்னும் உயிர்காப்பாளர் ஒருவர் இருந்தார். பிறர் இறங்க அஞ்சும் அலைகளில் புகுந்து அவர் பலரை மீட்டார். 1978-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ‘ஹோக்குலேயா’ என்னும் பாய்மரக் கலத்தில் அவர் சென்றபொழுது, அது நடுக்கடலில் கவிழ்ந்தது. தோழர்க்கு உதவி கொணரக் கருதி, அவர் தம் பலகைமேல் தனியே நிலத்தை நோக்கிப் புறப்பட்டார். தோழர் பின்னர் மீட்கப்பட்டனர். அவர் மட்டும் திரும்பவில்லை.

அவர் துணிந்தது பிறர் உயிரைக் காத்தற்பொருட்டு. பிறர் வியத்தற்பொருட்டு அன்று. ஆராயாது கடலில் இறங்குபவர், தம் உயிரோடு தம்மை மீட்க வருபவர் உயிரையும் இடருக்கு உள்ளாக்குகிறார். ஆகவே அலையேறச் செல்வோர் முதலிற் கற்க வேண்டுவது, இன்று இறங்குதல் தகுமா என்று கரையில் நின்று நோக்குதலே. தகாது எனத் தோன்றின், பலகையைத் தோளில் தாங்கித் திரும்புதலும் வீரமே ஆகும்.