கழற்றிப் பூட்டும் சில்லு: சிறு பட்டறைக்கு ஒரு தொழில்

உழவு முடிந்ததும் ரொட்டவேட்டரும் கலப்பையும் கொட்டிலில் கிடக்கும். சற்று நகர்த்துவதென்றாலும் நாலு பேர் வேண்டும். இந்தச் சிரமத்தில்தான் வெல்டிங் பட்டறை வைத்திருப்போருக்கு ஒரு வருமானம் இருக்கிறது.

செய்முறை இலகுவானது. கருவியின் சட்டத்தில் நான்கு சதுரக் குழாய்த் துண்டுகளை போல்ட் போட்டு இறுக்குங்கள். சட்டத்தில் நேரடியாக வெல்டிங் பிடிக்க வேண்டாம். நாளை கருவியை விற்கும்போது விலை குறையும். சில்லு பூட்டிய காலை அந்தக் குழாய்க்குள் நுழைத்து பின் போட்டால் வேலை முடிந்தது.

எல்லாக் குழாயும் ஒரே அளவில் இருக்கட்டும். ஒரு செட் சில்லு பல கருவிகளுக்கு உதவும். வாடிக்கையாளர் அடுத்த கருவி வாங்கும்போது குழாய்க்காக உங்களிடமே வருவார். இலாபம் அங்குதான்.

சில்லில் மிச்சம் பிடிக்காதீர்கள். நான் ஒருமுறை பிடித்தேன். 300 கிலோவை நான்கால் பிரித்து, 75 கிலோ தாங்கும் மலிவான சில்லு போட்டேன். மேடுபள்ளத் தரையில் ஒரு சில்லு அந்தரத்தில் நிற்க, இன்னொன்று முறிந்தது. வாடிக்கையாளரின் கால் மயிரிழையில் தப்பியது. புது செட் கொடுத்ததில் இலாபமும் போனது. மூன்றால் பிரியுங்கள், 100 கிலோ வரும். அதற்கும் மேலாக, 150 கிலோ தாங்குவதைப் போடுங்கள்.

இது கொட்டிலுக்குள் தள்ள மட்டுமே, வீதியில் இழுக்க அல்ல. சில்லு பூட்டும்போது கருவிக்குக் கீழே மரக்கட்டை வைக்க வேண்டும். இவ்விரண்டையும் விற்கும்போதே சொல்லிவிடுங்கள்.

விலை போடுகையில் இரும்பு, வெல்டிங் கூர், மின்சாரத்தோடு உங்கள் கூலியையும் எழுதுங்கள். பலர் மறப்பது அதைத்தான்.