கதவும் கைப்பேசியும்

ஒரு வீட்டிற்குச் செல்கிறோம். வாசலில் நின்று சலாம் கூறுகிறோம். அனுமதி கிடைத்த பின்னரே உள்ளே நுழைகிறோம். திருக்குர்ஆனின் 24-ஆவது அத்தியாயமான அந்நூரில், 27-ஆம் வசனம் நமக்குக் கற்றுத் தரும் ஒழுக்கம் இது. மூன்று முறை கேட்டும் அனுமதி கிடைக்காவிட்டால் திரும்பிவிட வேண்டும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை.

இந்த விதி எதற்காக? ஒருவர் பெருமானார் (ஸல்) அவர்களின் வீட்டுத் துவாரத்தின் வழியே உள்ளே எட்டிப் பார்த்தார். அப்பொழுது நாயகம் அவர்களின் கையில் தலை கோதும் இரும்புச் சீப்பு இருந்தது. அவர் பார்ப்பது முன்பே தெரிந்திருந்தால் அதைக் கொண்டே அவர் கண்ணில் குத்தியிருப்பேன் என்று கண்டித்த நாயகம் அவர்கள், அனுமதி கேட்பது விதிக்கப்பட்டதே பார்வையின் காரணமாகத்தான் என்று விளக்கினார்கள். புகாரியில் வரும் செய்தி இது. ஆக, கால் மட்டுமல்ல, கண் வாசலைத் தாண்டுவதும் குற்றமே.

இன்று நம் ஒவ்வொருவர் கையிலும் ஒரு கதவு இருக்கிறது. அதுதான் கைப்பேசி. பிறர் கைப்பேசியை அவர் அறியாமல் திறந்து படிப்பது, துவாரத்தில் எட்டிப் பார்ப்பதன்றி வேறென்ன? துருவித் துருவி ஆராயாதீர்கள் என்ற 49:12 வசனத்தின் தடை கணவன் மனைவிக்கும் பொருந்தாதா? சிறு பிள்ளைகளைக் கண்காணிப்பது பெற்றோரின் பொறுப்பு. ஆனால் அதையும் அவர்களிடம் சொல்லிவிட்டுச் செய்வதே அழகு.

நாமே கதவைத் திறந்து வைப்பதும் உண்டு. கலியாண வீட்டில் பெண்கள் கூடியிருக்கும் அறையைப் படம் பிடித்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்கிறோம். 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் என்பது நம் ஆறுதல். அதற்குள் யாரோ ஒருவர் பிரதி எடுத்துவிட்டால் அது மறையுமா? படத்தில் இருக்கும் பெண்களிடம் அனுமதி கேட்டோமா? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். நம் வீட்டுப் பெண்களுக்கு அந்த உரிமையை முதலில் நாம் கொடுக்க வேண்டாமா?

இன்னொன்றையும் சிந்திக்க வேண்டும். சுபுஹுக்கு முன், நண்பகல் ஓய்வு வேளை, இஷாவுக்குப் பின் ஆகிய மூன்று வேளைகளிலும் வீட்டுச் சிறுவர்கூட அனுமதி பெற்றே அறைக்குள் வர வேண்டும் என்கிறது 24:58. நாமோ அந்த வேளைகளில்தான் கைப்பேசி வழியாக ஊர் உலகத்தையே படுக்கையறைக்குள் அழைக்கிறோம். ஒரு காட்சி முடியுமுன் அடுத்தது தானாக வருகிறது. பிறர் வீட்டுப் பகட்டைப் பார்த்துப் பார்த்து நம் வீடு நமக்கே சிறுத்துப் போகிறது. உறக்கம் கெடுகிறது, சுபுஹும் தவறுகிறது. இஷாவுக்குப் பின் வீண் பேச்சில் ஈடுபடுவதை நாயகம் (ஸல்) அவர்கள் வெறுத்ததன் நன்மை இங்கே புரிகிறதல்லவா?

மனச்சோர்வும் உறக்கமின்மையும் நாள்கணக்கில் நீடித்தால் அதை ஈமானின் குறை என்று ஏசாதீர்கள். அது நோயாகவும் இருக்கலாம். மருத்துவரைப் பார்ப்பதே முறை. அரசின் டெலிமானஸ் உதவி எண் 14416-இலும் பேசலாம்.

இன்றிரவு இஷா தொழுததும் கைப்பேசியைக் கூடத்திலேயே வைத்துவிட்டுப் படுங்கள். சுபுஹுக்கு எழுப்ப ஒரு பழைய அலாரக் கடிகாரம் போதும். நம் இல்லங்களில் அல்லாஹ் அமைதியை நிலைக்கச் செய்வானாக! ஆமீன்.