வெட்டுக்கிளியின் முழங்கால்

சென்ற ஆண்டு நம் கழகத்தின் சார்பில் தமிழ்ப்பள்ளி ஒன்றில் சனிக்கிழமைதோறும் அறிவியல் சொல்லிக்கொடுத்து வந்தேன். ஒரு நாள் திடலில் பிடித்த வெட்டுக்கிளியைக் காட்டி, "பின்னங்கால் தசை வலுவாக இருப்பதால் இது தாவுகிறது" என்றேன். ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் கேட்டான்: "அப்புறம் ஏன்க்கா, குதிக்கறதுக்கு முன்ன கால மடக்கிக்கிட்டு கொஞ்ச நேரம் சும்மா இருக்கு?"

உயிரியல் படிக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த வாரம் சொல்வதாகக் கூறித் தப்பித்தேன்.

நூலகத்தில் தேடியபோது, என் விளக்கமே அரைகுறை என்று புரிந்தது. வெட்டுக்கிளியின் கால் நீள்வதற்கு ஆகும் நேரம் ஏறத்தாழ 30 மில்லிநொடிதான். அவ்வளவு குறுகிய நேரத்தில் அத்தனை ஆற்றலை எந்தத் தசையாலும் நேரடியாகத் தர இயலாது. தசை மெல்ல இழுத்துச் சேமிக்கிறது; கால் ஒரேயடியாக விடுவிக்கிறது. நம் பையன்கள் 'லாஸ்திக்' என்கிறார்களே, அந்தக் கவணின் தத்துவமேதான்.

இழுத்துப் பிடித்த கவணை யார் பிடித்துக்கொண்டிருப்பது? இங்குதான் எனக்கு வியப்பு. தொடைக்குள் காலை நீட்டும் தசை மிகப் பெரியது, மடக்கும் தசை சிறியது. இரண்டும் ஒரே நேரத்தில் இழுத்தால் பெரியது வெல்ல வேண்டுமல்லவா? ஆனால் முழங்கால் அருகே தொடையின் உட்புறத்தில் சிறு மேடு ஒன்று உண்டு. 1974இல் அதை ஆராய்ந்து எழுதிய ஹைட்லரின் பெயராலேயே அது வழங்குகிறது. கால் முழுதாக மடங்கியதும் சிறிய தசையின் நார் அம்மேட்டின்மேல் ஏறிப் பூட்டிக்கொள்கிறது. கதவைக் கைப்பிடிப் பக்கம் தள்ளுபவரை, கீல் பக்கம் தள்ளுபவர் வெல்ல முடியாது. மடங்கிய நிலையில் பெரிய தசை கீல் பக்கம் மாட்டிக்கொள்கிறது.

மாணவன் கண்ட அந்தக் 'கொஞ்ச நேரம்', ஏறத்தாழ அரை நொடி, சும்மா இருக்கும் நேரமே அன்று. பெரிய தசை இழுக்க இழுக்க, அதன் நார் விறைக்கிறது. முழங்காலின் இருபுறமும் உள்ள பிறை வடிவத் தகடுகள் வில்லாக வளைகின்றன. பிறகு சிறிய தசை தளர்ந்ததும் பூட்டு விடுபடுகிறது.

மறுவாரம் இதைக் கரும்பலகையில் வரைந்து காட்டினேன். அவன் யோசித்துவிட்டு, "அப்போ கால முழுசா மடக்கலன்னா?" என்றான்.

பூட்டு விழாது, பெருந்தாவலும் இல்லை என்றேன். உடனே திடலுக்கு ஓடினான், பார்த்துவிட்டு வர.